கையிலதான் ஆட்டமாம்

அட, தாராளமா மிதிங்கண்ணே. அறுபதுல போனாலும் ஒண்ணும் ஆகாது, எண்பதுல போனாலும் ஒண்ணும் ஆகாது. வேணும்னா கைய லேசா விட்டுப் பாருங்க. பாத்தீங்களா, நூல் புடிச்ச மாதிரி போகுதா? ம்ம். அதான்.

மொக்கைச்சாமி புரோக்கர் உங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பிச்சாருன்னு எனக்குத் தெரியும்ணே. எஞ்சின் நல்லாருக்கு, டயரு நல்லாருக்கு, ஸ்டீரிங்குதான் அலையுது, அதனால கொறச்சுக் குடுக்குறாங்கன்னு சொல்லிருப்பாரு. அவருக்கு அப்பிடிச் சொன்னது எங்க வீட்டுக்காரரு. புரோக்கர் மேல தப்பு சொல்ல முடியாது. அவரு வண்டிய ஓட்டியும் பாக்கல, அடியில குனிஞ்சும் பாக்கல.

இல்லண்ணே, எங்க வீட்டுக்காரரும் பொய் சொல்லல. அலையத்தான் செய்யுது. நேத்துகூட அலைஞ்சுச்சு. உங்க கையில ஏன் அலையலங்கிறீங்களா? அதச் சொல்லத்தான நானும் கூட ஏறுனேன். இல்லாட்டி உங்கள மட்டும் ஓட்டிப் பாக்க அனுப்பிருப்பேன்ல. இப்பிடியே வடமதுர வரைக்கும் போயி, அங்கிட்டு ஒரு யூ டர்ன் போட்டுத் திரும்பிருவோம். உங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே? ஒட்டன்சத்திரத்துக்குத்தான போகணும், பஸ்ஸு நெறைய இருக்கு.

வாசல்ல கம்பு ஊனிக்கிட்டு நின்னாருல்ல, அவருதான். ரொனால்டு. முத்தழகுபட்டில பிக்கப்பு ரொனால்டுன்னா எல்லாருக்கும் தெரியும். வியாழக்கிழமையானா அய்யலூர் சந்தைக்கு ஆடு ஏத்துவாரு. மத்த நாள்ல சித்தையன்கோட்டைப் பக்கம் காய் எடுத்து உங்க ஊரு மார்க்கெட்டுக்கு அடிப்பாரு. நல்லா ஓட்டுவாரு, அதச் சொல்லாம இருக்கக் கூடாது. ஒத்தக் கையில ஓட்டிக்கிட்டே இன்னொரு கையில வட பிச்சித் திம்பாரு.

போன கிறிஸ்மஸுக்கு முந்துன வருசம், வேடசந்தூர் ரோட்டுல பைக்கோட விழுந்துட்டாரு. இடது தொட எலும்பு ரெண்டா போச்சு. உள்ள கம்பி வச்சித் தச்சாங்க. நடக்கலாம், ஆனா கிளட்ச மிதிக்க முடியாது. வண்டி சும்மா வீட்டு முன்னாடி நின்னுச்சு. ஒரு ஆள டிரைவரா போட்டோம், அவன் டீசல் திருடுனான். இன்னொருத்தன் வந்தான், சந்தையன்னிக்குப் பாத்து லீவு போட்டான். ஒருநாளு சோறு போட்டுக்கிட்டே சொன்னேன், நான் கத்துக்கிறேங்கன்னு. அவரு சிரிச்ச சிரிப்புல பொற ஏறிப்போச்சு. தண்ணி எடுத்துக் குடுத்துட்டு, மறுவாரமே டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டேன். அந்த வாத்தியாரு நல்ல மனுசன். கை நல்லா நிக்குதும்மா, பயப்படாம போன்னு சொல்லிக் குடுத்தாரு. லைசென்ஸு எடுத்து, சின்னச் சின்னதா லோடு ஓட்டி, அப்புறம் சந்தைக்கே போக ஆரம்பிச்சிட்டேன்.

மொதல்ல அவரும் கூட வருவாரு. நீங்க உக்காந்துருக்கீங்கல்ல, அதுல நான். இப்ப நான் உக்காந்துருக்கேன்ல, இதுல அவரு. ஏண்டி ஹாரன் அடிக்கல, ஏண்டி அடிச்ச, ஏண்டி பிரேக்கு போட்டன்னு வழியெல்லாம் மந்திரம் மாதிரி ஓதிக்கிட்டே வருவாரு. காதுல வாங்கிக்கிட மாட்டேன். என்ன, கால் போன மனுசன், வாயாச்சும் ஓடட்டும்னு விட்டுட்டேன்.

பொங்கல் கழிஞ்சுதான் வண்டி அலைய ஆரம்பிச்சுச்சு. எப்பிடின்னா, நேராப் போயிக்கிட்டே இருப்பேன், ஒரு பக்கமா தானா ஒதுங்கும். சரி பண்ணலாம்னு திருப்புனா செத்த நேரம் ஒண்ணும் கேக்காது. இம்புட்டுத் தூரம் திருப்புறேன்ணே, சக்கரத்துக்குச் சேதியே போகல. இன்னும் கொஞ்சம் திருப்புனா சட்டுன்னு அந்தப் பக்கம் பாயும். அதப் புடிக்கப் போனா இந்தப் பக்கம். மாவாட்டுறியாடி, வண்டி ஓட்டுறியான்னு கேப்பாரு.

ஸ்டீரிங்கு என்னமோ மாதிரி இருக்குங்கன்னு சொன்னேன். ஸ்டீரிங்குக்கு என்ன, உன் கையிலதான் கோளாறுன்னாரு. சரி, நம்மதான் புதுசாச்சே, இருக்கும்னு நெனச்சேன். ஆனாலும் மனசு கேக்கல. காத்து பாக்கச் சொன்னேன், முன்னாடி இடது டயர்ல கம்மியா இருந்துச்சு. புடிச்சாங்க. மாத்தமில்ல. முன் டயர பின்னாடி, பின் டயர முன்னாடி மாத்திப் போட்டேன். மாத்தமில்ல. அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர்ல எல்லாம் பச்சையாக் காட்டுதுக்கா, நீங்க புதுசா ஓட்டுறீங்களான்னு கேட்டான். இன்னொரு மெக்கானிக்கு, ஜாக்கி வச்சித் தூக்கி, சக்கரத்த மேலயும் கீழயும் புடிச்சி உலுக்குனான், சைடுல புடிச்சி உலுக்குனான். பேரிங் டைட்டா இருக்கு, கம்பி மூட்டெல்லாம் டைட்டா இருக்கு, வண்டில ஆட்டமே இல்ல, கையிலதான் ஆட்டம்னு சொல்லிட்டான்.

அம்புட்டுதான். எங்க வீட்டுக்காரருக்கு அது அல்வா மாதிரி கெடச்சிருச்சு. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நிக்கிறோம், போற வாறவங்ககிட்டயெல்லாம் சொல்றாரு, லிடியாவுக்குக் கையிலதான் ஆட்டமாம், மெக்கானிக்கே சொல்லிட்டான்னு. சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ஆட்டு வியாபாரி ஒருத்தரு, ஆடுக பின்னாடி நகருறதுனாலகூட அப்பிடி இருக்கும்மான்னாரு, பாவம், எனக்காகப் பேசுன ஒரே ஆளு. வெறும் வண்டியிலயும் அலையுதுங்கண்ணேன்னு உண்மையச் சொல்லித் தொலைச்சேன்.

பாத்துண்ணே, ஆட்டோ வாரான். ம்ம், போங்க.

தவக்காலத்துல ஒருநாளு, ஆயில் மாத்தணும்னு என் கொழுந்தன் இனிகோவ ஓட்டச் சொல்லி, இவரே கூட உக்காந்து, இவரு வழக்கமா வண்டி விடுற மெக்கானிக்கு அப்பாஸு பட்டறைக்குக் கொண்டு போனாரு. சாயங்காலமா வந்தாங்க. அப்பாஸு பாத்தானா, என்ன சொன்னான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லாருக்காம்னாரு. அதுக்கப்புறம் அவரு வண்டில ஏறல. தொட வலிக்குதுடி, குலுங்குனா கம்பி உறுத்துது, நீயே போயிட்டு வந்துருன்னாரு.

எனக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமாண்ணே. கூட வராம தனியா அனுப்புறாரே, நம்ம மேல நம்பிக்க வந்துருச்சு போலருக்கேன்னு நெனச்சேன். அன்னிக்கி அவருக்குப் புடிக்குமேன்னு நெத்திலி வாங்கிக் கொழம்பு வச்சேன். நல்லாருக்குடின்னு ரெண்டு தடவ வாங்கித் தின்னாரு.

மே மாசம் எங்க பிள்ளைக்கு லீவு விட்டாங்க. பிரிஸ்கில்லா. ஒரே பிள்ள, அஞ்சாவது முடிச்சிருந்தா. எங்க அத்த ஆரோக்கியம்மா சொன்னாங்க, பொம்பள ஒத்தையா சந்தைக்குப் போறா, பிள்ளையத் தொணைக்குக் கூட்டிட்டுப் போயேண்டின்னு. அவளுக்கும் ஆட்டுக்குட்டி பாக்க ஆச. துள்ளுறா. எங்க வீட்டுக்காரரு எதுத்தாப்புல உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருந்தாரு. நான் அவரு மூஞ்சியப் பாத்தேன், என்ன சொல்றீங்கன்னு. ரசம் ஊத்துன்னாரு.

அதான் சொன்னாருண்ணே. ரசம் ஊத்துன்னு.

இந்தா, இந்தப் பாலம் தாண்டி அந்த வளைவு தெரியுதுல்ல, அங்கதான். வியாழக்கிழம காலையில, பின்னாடி ஆடுக, பக்கத்துல பிள்ள. பஸ்ஸு ஒண்ணு வேகமா முந்திக்கிட்டுப் போச்சு. அந்தக் காத்துல வண்டி இடது பக்கம் ஒதுங்குச்சு. திருப்புனேன், கேக்கல. இன்னும் திருப்புனேன், கேக்கல. அப்புறம் ஒரேயடியாக் கேட்டு, வலது பக்கம் போயி, நான் இழுக்க, மறுபடி இடது பக்கம் பாஞ்சு, அந்தச் சின்ன ஓடப்பாலம், கல்வெட்டும்பாங்கல்ல, அதோட செவத்துல போயி மோதுச்சு. தெரியுதா, இன்னும் பூசாமக் கெடக்கு பாருங்க. பிரிஸ்கில்லா மூஞ்சி முன்னாடி டேஷ்ல அடிச்சிருச்சு. முன்பல்லு போச்சு, தாட எலும்பு வெடிச்சிருச்சு. ஒதட்டுல தையல். பின்னாடி ஆடுக கத்துது, இவ கத்தவே இல்ல. கண்ண முழிச்சு என்னயப் பாத்துக்கிட்டே இருந்தா. அவ பயந்தது வண்டியப் பாத்து இல்லண்ணே, என்னயப் பாத்து.

ஆஸ்பத்திரில வராண்டா பூரா எங்க சனம். நடுவுல கம்ப ஊனி நின்னுக்கிட்டுச் சொல்றாரு, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, இவளுக்குக் கை நிக்காதுன்னு, கேட்டாளா, எம் பிள்ளையக் கொல்லப் பாத்துட்டாளேன்னு. அழுதாருண்ணே, நெசமாவே அழுதாரு. எங்க அத்த என் தலமுடியப் புடிச்சிட்டாங்க. எங்க அம்மாவே, நீ பண்ணது தப்புதாண்டின்னாங்க. நான் அவரு காலப் புடிச்சி மன்னிப்புக் கேட்டேன். கம்பி இருக்குற கால் இல்ல, நல்ல கால். எந்திரி எந்திரின்னு பெருந்தன்மையா தூக்கி விட்டாரு.

அந்த வாரம் சாமியார்கிட்டப் போயிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுனேன். எம் பிள்ளைய நானே கொல்லப் பாத்தேன் சாமின்னு முட்டி போட்டுச் சொன்னேன். கோயிலுக்கு எதுக்குப் போறேன்னு வீட்டுல அவருகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன். நல்லது, போயிட்டு வான்னாரு.

பிள்ள வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு பஞ்சாயத்து வச்சாங்க. வண்டிய இனிகோகிட்டக் குடுத்துருன்னு பேச்சு வந்துச்சு. அதுக்கு அவன் பொண்டாட்டி, எங்களுக்கு அந்த ராசியில்லாத வண்டி வேணாம்னுட்டா. அப்ப எங்க அத்த சொன்னாங்க, ஓட்டாட்டி சோத்துக்கு என்ன பண்றது, ரொனால்டு, நீ கூட உக்காந்து அவளக் கண்ணும் கருத்துமா பாத்துக்க, இனிமே அவள ஒத்தையா அனுப்பாதன்னு. எல்லாரும் அதான் சரின்னாங்க. அவருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. தொட வலிக்குதுன்னு முனகுனாரு. பிள்ளைய விடவா வலி பெருசுன்னு அத்த கேட்டாங்க. அம்புட்டுப் பேரு முன்னாடி, சரி, வாரேன்னு சொல்லித்தான் ஆகணும். சொல்லிட்டாரு.

நான் அப்பவும் ஒண்ணும் நெனைக்கல. சத்தியமா.

முன்பக்கம் நசுங்குனதச் சரி பண்ண, வண்டிய அப்பாஸு பட்டறைக்கு இழுத்துட்டுப் போனோம். வேலை முடிஞ்சு எடுக்கப் போன அன்னிக்கி எனக்கு ஸ்டீரிங்கத் தொடவே மனசு வரல. அப்பாஸு, எனக்காக ஒண்ணு பண்ணுப்பா, நீ மேல உக்காந்து ஸ்டீரிங்க அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டு, நான் அடியில படுத்துப் பாக்குறேன், கடைசியா ஒருவாட்டி, அப்பத்தான் என் மனசு ஆறும்னேன். அவன் தயங்குனான். நீங்க எதுக்குக்கா அடியிலயெல்லாம் படுக்குறீங்கன்னான். நான் சாக்க விரிச்சுப் படுத்துட்டேன்.

ஜாக்கி வைக்கலண்ணே. அதான் விசயமே. தூக்கிப் பாத்தா சக்கரத்துல பாரம் இருக்காது, லேசாத் திரும்பும், கோளாறு தெரியாது. நாலு சக்கரமும் தரையில இருக்கணும், அப்ப ஆட்டணும். ஸ்டீரிங்கு கம்பி கீழ வந்து சேருற எடத்துல ஒரு இரும்புப் பெட்டி இருக்கும், ஸ்டீரிங் பாக்ஸும்பாங்க. அதுதான் நம்ம திருப்புறதச் சக்கரத்துக்குக் கொண்டுபோறது. அத வண்டிச் சட்டத்தோட போல்ட்டு போட்டு முறுக்கிருப்பாங்க. அப்பாஸு மேல ஆட்டுறான், சக்கரம் நகரல, அந்தப் பெட்டியே நகருது! அதப் புடிச்சிருக்குற சட்டம் வெடிச்சுப்போயி, ஒரு போல்ட்டு இல்லவே இல்ல, மத்ததெல்லாம் தளர்ந்து கெடக்கு. வாயி மாதிரி தொறந்து மூடுது.

அடியில கெடந்தே கத்துனேன், அப்பாஸு, எறங்கி வந்து இதப் பாருன்னு. அவன் எறங்கல. ஆட்டுறத நிறுத்திட்டு மேலயே உக்காந்துருந்தான். நான் வெளிய வந்தப்ப அவன் என் மூஞ்சியப் பாக்கல. அக்கா, நான் அண்ணங்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன்க்கா, ஆயில் மாத்த வந்தப்பவே சொல்லிட்டேன், இதுல போகக் கூடாது, இன்னிக்கே வெல்டிங் வச்சித் தர்றேன்னேன், அண்ணன்தான் இப்ப வேணாம்னாருன்னான். ஏன் வேணாம்னாருன்னேன். சொல்ல மாட்டேங்கிறான். அவன் சட்டையப் புடிச்சிட்டேன். கெடக்கட்டும்டா, ரெண்டு தடவ பயந்தா தானா ஓட்டுறத விட்டுட்டு அடுப்பங்கரைக்குப் போயிருவான்னு சொன்னாராம். வீட்டுல எதுவும் சொல்லிறாதன்னு சத்தியம் வாங்கிருக்காரு.

ஓரமா நிறுத்தணுமாண்ணே? வேணாம்? சரி, இந்தா, இங்க திருப்பிக்கங்க. பாத்து, பின்னாடி லாரி.

அன்னிக்கே சரி பண்ணிட்டேன். சட்டத்துல புதுசா தகடு வச்சி வெல்டிங், புது போல்ட்டு எல்லாம். நீங்க இப்ப ஓட்டுறீங்களே, அன்னிக்கி இருந்து இப்பிடித்தான் நிக்குது. அவரு அன்னிக்கி வாங்குன மாதிரியே நானும், இத ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதன்னு அப்பாஸுகிட்டச் சத்தியம் வாங்கிட்டு வந்துட்டேன்.

மறுநாளு காலையில சந்தைக்குக் கெளம்புறோம். வண்டிக்குப் பக்கத்துல கம்ப ஊனிட்டு நிக்கிறாரு, ஏற மாட்டேங்கிறாரு. ஸ்டீரிங்க எதுவும் பாத்தாங்களான்னு கேட்டாரு. நான் கேட்டேன், ஸ்டீரிங்குல என்ன இருக்கு பாக்க? என் கையிலதான ஆட்டம்னேன். ஆமா, ஆமான்னாரு. அவரு சொல்லிருவாருன்னு அப்ப எனக்கு நம்பிக்க இருந்துச்சுண்ணே. நின்னேன். ஒரு வார்த்த சொல்லட்டும், இங்கயே தெருவுலயே மன்னிச்சிருவோம்னு நெனச்சேன். அத்த வாசல்ல நின்னு, இன்னும் என்னப்பா, ஏறுங்கிறாங்க. அவரு ஏறிட்டாரு.

நாலுவழிச் சாலைக்கு வந்ததும், பக்கத்துல ஒரு லாரி வந்துச்சு. நான் வலது கையத் துளி எறக்குனேன்.

ஆமாண்ணே. நான்தான். அலையுறது வண்டி இல்ல, நான்தான் அலைய விடுறேன். பெரிய வித்தையெல்லாம் இல்ல. அந்த ஆட்டத்தோடயே ஓட்டிப் பழகுனவதான நான், அது எப்பிடி ஒதுங்கும், எந்த எடத்துல கேக்காது, எந்த எடத்துல பாயும்னு எனக்குத் தெரியாதா? அப்பிடியே செய்வேன். பக்கத்துல எம்புட்டு எடம் இருக்குன்னு பாத்துத்தான் செய்வேன், மத்தவங்களுக்கு ஆபத்து வராது. அவருக்கு வேர்த்து சட்ட ஒட்டிக்கும். மேல கைப்பிடி இருக்குல்ல, அதப் புடிச்சிப் புடிச்சி உள்ளங்கையில காய்ப்பு வந்துருச்சு. சந்தையில எறங்குனதும் ஓரமாப் போயி வாந்தி எடுப்பாரு. என்னங்க, காலையில தின்னது ஒத்துக்கலையான்னு கேட்டு முதுகத் தடவி விடுவேன். ஏறுறப்ப மெதுவாக் கேப்பாரு, அப்பாஸுகிட்ட ஒருவாட்டி காட்டுவமாடின்னு. அவன்தான் நல்லாருக்குன்னு சொல்லிட்டானே, நீங்கதான வந்து சொன்னீங்கன்னு கேப்பேன். மறுபடி மேல கைப்பிடியப் புடிச்சிக்குவாரு.

இம்புட்டு மாசமா இப்பிடித்தான். ஆளு பாதியாயிட்டாரு. எல்லாரும் என்னயத்தான் பாவம்ங்கிறாங்க, புருசன் சொகமில்லாம இருந்தும் விடாம கூட்டிட்டுப் போறாளேன்னு. ஒண்ணும் முடியாமத்தான் மொக்கைச்சாமியப் புடிச்சி விக்கச் சொல்லிருக்காரு. ஸ்டீரிங்கு அலையுதுன்னு அவருகிட்டச் சொல்ல முடிஞ்சிருக்கு பாருங்க, என்கிட்ட முடியல. வண்டி என் பேருல இருக்குண்ணே. நான் விக்கல. உங்கள வீணா அலைய விட்டுட்டேன், மன்னிச்சிக்கங்க.

பிள்ளையா? அவ இன்னும் இந்த வண்டில ஏறல. ஷேர் ஆட்டோலதான் பள்ளிக்கூடம் போறா. மழையா இருக்கே, நான் கொண்டுவந்து விடுறேன்டான்னா, வேணாம்மா, வேணாம்மான்னு கையெடுத்துக் கும்புடுறா.

அவருதான் சொல்லணும்ணே, அவரு வாயால. சொல்லிட்டா நிறுத்திருவேன்னுதான் மாதா மேல சத்தியம் பண்ணி வச்சிருந்தேன்.

நேத்துச் சொல்லிட்டாரு.

கல்வெட்டுகிட்ட வாரப்ப, அப்பிடியே ஓன்னு அழுதுட்டாரு. எனக்குத் தெரியும் லிடியா, ஸ்டீரிங் பெட்டில போல்ட்டு இல்லன்னு அப்பாஸு சொன்னான், நான்தான் வேணாம்னேன், பிள்ள ஏறுறப்பகூட வாயத் தொறக்கல, நான் மனுசனே இல்ல, வண்டிய நிறுத்துடி, வீட்டுக்குப் போவோம், அம்மாகிட்ட, பிள்ளகிட்ட, எல்லார்கிட்டயும் நானே சொல்லிர்றேன்னாரு. எம்புட்டு நாளாக் காத்துக்கிட்டு இருந்த வார்த்த. நிறுத்தணும்னுதான் நெனச்சேன். கையி நிறுத்த மாட்டேங்குதுண்ணே. என்ன போல்ட்டு, என்ன பெட்டி, ஒளறாதீங்க, என் கையிலதான் ஆட்டம்னு சொல்லிட்டு, இன்னும் கொஞ்சம் எறக்கி விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையக் கூப்புட்டாரு சொல்றதுக்கு. நான் குறுக்க போயி, அவளுக்குப் பரிச்ச இருக்கு, படிக்கட்டும்னு உள்ள அனுப்பிட்டேன். அவருகிட்ட, யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம்னுட்டேன். சொல்லிட்டா அப்புறம் அவரு ஏன் என் வண்டில ஏறப் போறாரு?

ம்ம். பிள்ள என்னயப் பாத்துப் பயந்துக்கிட்டேதான் இருப்பா. இருக்கட்டும்.

இந்தா, நம்ம தெரு வரப்போகுது. இங்க ஓரங்கட்டுங்கண்ணே, நான் மாறி உக்காந்துக்கிறேன். அவரு முக்குலயே நிப்பாரு, நீங்க வாங்கிருவீங்கன்னு ஆசையா பாத்துக்கிட்டு. எறங்குனதும், ஸ்டீரிங்கு சுத்தமா சரியில்ல, எனக்கு வேணாம்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருங்க, போதும்.

மேல அந்தக் கைப்பிடியப் புடிச்சிக்கங்க. நல்லா. பயப்படாதீங்க, வண்டில ஒரு கொறையும் கெடையாது.